சொல்லில் தொடங்கிய தீட்டு: யூத வெறுப்பின் தோற்றமும் நமது விடுதலை மொழியும்

(அயோத்திதாசப் பண்டிதர் நினைவுச் சொற்பொழிவு, போடிநாயக்கனூர்)



பண்டிதர் நினைவாக நடக்கிற கூட்டத்தில் யூதர்களைப் பற்றி என்ன பேச்சு என்று உங்களில் சிலர் நினைக்கலாம். போடியில் நமக்குத் தெரிந்து ஒரு யூதக் குடும்பம்கூட இல்லை. ஆனால் 'யூதர்' என்ற சொல் இங்கே இருக்கிறது. பெரிய வெள்ளியன்று பாடுகளின் வரலாறு வாசிக்கப்படும்போது இருக்கிறது. பாஸ்கா நாடகத்தில் கொலைவெறியோடு கத்துகிற கூட்டமாக மேடையேறுகிறது. வெளிவேடக்காரனைத் திட்ட 'பரிசேயன்' என்கிறோம். 'பார்ப்பனர்கள் இந்தியாவின் யூதர்கள்' என்று முழங்குகிற குரலும் அவ்வப்போது நம் காதில் விழுகிறது. ஒரு மனிதரையும் நேரில் பார்க்காமலேயே ஒரு மக்கள்கூட்டத்தைப் பற்றிய முடிவு நமக்குள் வந்து உட்கார்ந்திருக்கிறது. அது எப்படி வந்தது என்பதுதான் இன்றைய பேச்சு.

தொடங்குவதற்கு நமக்குத் தெரிந்த ஒரு பொருளை எடுத்துக்கொள்வோம். ஏலக்காய். 1563ஆம் ஆண்டு கோவாவில் போர்த்துகீசிய மொழியில் ஒரு நூல் அச்சானது. இந்தியாவின் மூலிகைகளையும் மருந்துச் சரக்குகளையும் பற்றி உரையாடல் வடிவில் எழுதப்பட்ட அந்த நூலில் ஏலக்காய்க்கும் ஓர் இடம் உண்டு. எழுதியவர் கார்சியா டி ஓர்டா என்ற மருத்துவர். 1534இல் கோவாவுக்கு வந்து, இறக்கும்வரை இங்கேயே வாழ்ந்தவர். ஞானஸ்நானம் பெற்ற கிறிஸ்தவர். ஆனால் யூத வம்சத்தில் பிறந்தவர். 1568இல் அவர் இறந்தார். மறு ஆண்டு அவருடைய சகோதரி காதரினாவை, இரகசியமாக யூத நெறியைக் கடைப்பிடித்தார் என்று குற்றம்சாட்டி, கோவாவின் மதவிசாரணை மன்றம் எரித்துக் கொன்றது. 1580இல் ஓர்டாவின் கல்லறையைத் தோண்டி எலும்புகளை எடுத்து எரித்தது.

இறந்து பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து எலும்பைத் தோண்டி எரிக்கிற அளவுக்கு ஒரு பகை எங்கிருந்து வருகிறது? தண்ணீர் ஊற்றினால் எல்லோரும் ஒன்று என்று சொன்ன மதம், அந்தத் தண்ணீரால் கழுவ முடியாத தீட்டு ஒன்று சிலருடைய ரத்தத்தில் இருப்பதாக எப்படி நம்பத் தொடங்கியது? நம்முடைய மக்கள் எப்படித் தீண்டப்படாதவர் ஆக்கப்பட்டார்கள் என்று பண்டிதர் வாழ்நாள் முழுக்கக் கேட்ட கேள்விக்கு இது மிக அருகில் இருக்கிறது.

வீட்டுக்குள் நடந்த சண்டை

இயேசு யூதர். அவருடைய தாய் யூதர். பன்னிரண்டு சீடர்களும் யூதர். கிறிஸ்தவத்தை யூதரல்லாதவர்களிடம் கொண்டுசென்ற பவுலும் யூதர், தன்னைப் பரிசேயர் என்றே அறிமுகப்படுத்திக்கொண்டவர். ஆகவே முதல் நூற்றாண்டில் நடந்தது இரண்டு மதங்களின் மோதல் ஆகாது. ஒரே வீட்டுக்குள், ஒரே வேதத்தை வைத்துக்கொண்டு நடந்த வழக்கு அது. மெசியா வந்துவிட்டாரா? சட்டத்தை எப்படிக் கடைப்பிடிப்பது? வெளியாரைச் சேர்த்துக்கொள்ளலாமா? இந்தக் கேள்விகளுக்காக ஒருவரையொருவர் கடுமையாக ஏசிக்கொண்டார்கள். பழைய இஸ்ரவேலின் தீர்க்கதரிசிகளும் தம் மக்களை அப்படித்தான் ஏசினார்கள். உள்ளிருந்து வருகிற அந்த ஏச்சில் 'நீ திருந்து' என்ற அழைப்பு உண்டு.

கி.பி. 70இல் ரோமப் படை எருசலேம் தேவாலயத்தை இடித்தது. 132 முதல் 135 வரை நடந்த பார் கோக்பா எழுச்சியும் நசுக்கப்பட்டது. யூதர்கள் எருசலேமுக்குள் நுழையக்கூடத் தடை வந்தது. இதே காலத்தில் இயேசுவைப் பின்பற்றியவர்களில் பெரும்பான்மையினர் யூதரல்லாதவர்களாக மாறிக்கொண்டிருந்தார்கள். அண்ணன் தம்பி சண்டையில் பேசிய வசவுகள் இப்போது அந்த வீட்டில் பிறக்காதவர்களின் கைக்கு வந்தன. யோவான் நற்செய்தியில் 'யூதர்' என்ற சொல் ஏறக்குறைய 70 இடங்களில் வருகிறது. பல இடங்களில் அது தலைவர்களையோ ஒரு சிறு கூட்டத்தையோதான் குறிக்கிறது. ஆனால் வாசிப்பவர் யூதரல்லாதவராக இருக்கும்போது அது ஒரு முழு இனத்தின் பெயராகிவிடுகிறது. மத்தேயு நற்செய்தியில், பிலாத்துவின் முன் நிற்கிற கூட்டம் கொலைப்பழியைத் தன் மீதும் தன் பிள்ளைகள் மீதும் ஏற்றுக்கொள்வதாக ஒரு காட்சி உண்டு. சிலுவைத் தண்டனை கொடுத்தது ரோம ஆளுநர், நிறைவேற்றியது ரோமச் சிப்பாய். அந்த அதிகாரத்தின் கை கழுவப்பட்டது. பழி பிள்ளைகளின் தலையில் இறங்கியது.

இரண்டாம் நூற்றாண்டில், இன்றைய துருக்கியில் இருக்கிற சர்தை நகரத்தின் ஆயர் மெலித்தோ, பாஸ்கா விழா உரையில் இஸ்ரவேல் கடவுளையே கொன்றது என்று குற்றம் சாட்டினார். கடவுளைக் கொன்றவர்கள் என்ற பழி இப்படித்தான் ஒரு மக்கள்கூட்டத்தின் பெயரோடு ஒட்டிக்கொண்டது.

தலைகீழாக்கியவர்கள்

இதே நூற்றாண்டில் இன்னொரு பக்கம் ஞானவாதிகள் என்று நாம் இன்று அழைக்கிற குழுக்கள் இருந்தன. 1945இல் எகிப்தின் நாக் அம்மாதி அருகே மண்ணுக்குள்ளிருந்து காப்டிக் மொழிச் சுவடிகள் கிடைத்த பிறகுதான் அவர்களுடைய சொந்தக் குரலை உலகம் பெருமளவில் கேட்டது. அதுவரை அவர்களைப் பற்றித் தெரிந்ததெல்லாம் பெரும்பாலும் அவர்களைத் திட்டியவர்கள் எழுதி வைத்ததுதான். தோற்றவர்களின் வரலாறு எதிரியின் வாய்வழியாகவே கிடைக்கும் என்பது நமக்குப் புதிதல்ல.

அவர்கள் சொன்னது என்ன? துன்பம் நிறைந்த இந்த உலகத்தை நல்ல கடவுள் படைத்திருக்க முடியாது. படைத்தவன் அறியாமை கொண்ட ஒரு கீழ்நிலைத் தெய்வம். யோவானின் இரகசிய நூலில் அவனுக்கு யால்தபாவோத் என்று பெயர். தனக்கு மேல் யாரும் இல்லை என்று பீற்றிக்கொள்கிறவன் அவன். அவன் பேசுகிற பேச்சு யூத வேதத்தின் கடவுளுடைய பேச்சு. சில நூல்களில் ஏதேன் தோட்டத்துப் பாம்பு அறிவைக் கொடுத்த ஆசானாக வருகிறது. கருங்கடல் கரையிலிருந்து ரோமுக்கு வந்த மார்சியோன் வேறு வழியில் அருகில் போனார். யூத வேதத்தின் கடவுள் வேறு, இயேசுவின் தந்தை வேறு என்று சொல்லி, பழைய ஏற்பாட்டையே ஒதுக்கினார். 144ஆம் ஆண்டில் ரோமத் திருச்சபை அவரோடு உறவை முறித்துக்கொண்டது.

தோழர்களே, ஞானவாதிகளின் இந்த முறை நமக்குப் பழக்கமானது. ஜோதிராவ் பூலே 1873இல் 'குலாம்கிரி'யில் அவதாரக் கதைகளைத் தலைகீழாக்கிப் பலி மன்னனை நம் அரசனாக நிறுத்தினார். பண்டிதர் 'இந்திரர் தேச சரித்திர'த்தில் இந்திரனைப் புத்தராக வாசித்தார். திராவிட இயக்கம் இராவணனை மீட்டெடுத்தது. வென்றவனின் புராணத்தைக் கவிழ்த்துப் படிப்பது தோற்றவர்களின் படைக்கருவி. அப்படியானால் ஞானவாதிகளும் நம் கூட்டாளிகள்தானா?

இங்கே நாம் நின்று பார்க்க வேண்டும். பூலேயும் பண்டிதரும் கவிழ்த்தது அதிகாரத்தில் இருந்தவர்களின் கதையை. ஊர்க் கிணற்றையும் பள்ளிக்கூடத்தையும் நிலத்தையும் கையில் வைத்திருந்தவர்களின் கதையை. ஞானவாதிகளும் மார்சியோனும் எழுதிய காலத்தில் யூதர்கள் தேவாலயத்தை இழந்தவர்கள், போரில் நசுக்கப்பட்டவர்கள். உலகத்தின் துன்பத்துக்கெல்லாம் பொறுப்பு என்று கைகாட்டப்பட்டது ரோமப் பேரரசின் பக்கம் இல்லை, அதனிடம் தோற்ற மக்களின் கடவுள் பக்கம். ஞானவாதச் சிந்தனை யூத சமயத்தின் விளிம்பிலேயே பிறந்தது என்று கருதுகிற ஆய்வாளர்களும் உண்டு. அப்படியென்றால் அதுவும் உள்வீட்டுக் கோபமாகத் தொடங்கியதுதான். வெளியார் கைக்கு வந்தபோது பொருள் மாறிவிட்டது. திருச்சபை ஞானவாதிகளை விரட்டியது, மார்சியோனை விரட்டியது, பழைய ஏற்பாட்டைத் தன்னிடமே வைத்துக்கொண்டது. ஆனால் வேதம் எங்களுடையது, அதை எழுதிய மக்கள் குருடர்கள் என்றது. ஒருவர் யூதரின் கடவுளை இழித்தார், மற்றவர் யூதரை இழித்தார். இரண்டு பக்கமும் அடி வாங்கியது ஒரே மக்கள்.

பிரசங்கமும் அரசாணையும்

வெறுப்பு புத்தகத்தில் இருக்கும்வரை அதன் கை நீளம் குறைவு. 380இல் பேரரசன் தியோடோசியஸ் கிறிஸ்தவத்தை அரச மதமாக்கினான். 386, 387 ஆண்டுகளில் அந்தியோக்கியா நகரத்தில் யோவான் கிறிசோஸ்தம் என்ற பெரும் பேச்சாளர் யூதருக்கு எதிராக எட்டுப் பிரசங்கங்கள் செய்தார். தொழுகைக் கூடத்தை விபசார விடுதிக்கும் விலங்கின் குகைக்கும் ஒப்பிட்ட பிரசங்கங்கள் அவை. சமூகவியல் படிக்கிற மாணவர்கள் கவனிக்க வேண்டியது வேறொன்று. அவர் ஏன் இவ்வளவு கத்த வேண்டியிருந்தது? அந்த ஊர்க் கிறிஸ்தவர்கள் யூதர்களின் பண்டிகைக்குப் போனார்கள், அவர்களோடு நோன்பிருந்தார்கள், நோய் தீர அவர்களிடம் போனார்கள். சாதாரண சனங்கள் கலந்து வாழ்ந்தார்கள் என்பதற்கு அந்தப் பிரசங்கங்களே சாட்சி. அருவருப்பு மேலிருந்து கற்பிக்கப்பட்டது.

388இல் யூப்ரடீஸ் நதிக்கரை ஊரான கல்லினிகத்தில் கிறிஸ்தவக் கும்பல் ஒரு யூதத் தொழுகைக் கூடத்தை எரித்தது. ஆயர் செலவிலேயே திரும்பக் கட்ட வேண்டும் என்று பேரரசன் உத்தரவிட்டான். மிலான் ஆயர் அம்புரோசியார் தலையிட்டு அந்த உத்தரவை விலக்கிக்கொள்ளச் செய்தார். எரித்தவனுக்குத் தண்டனை இல்லை என்று ஆனது. இது எப்படிப்பட்ட செய்தி என்பதை நமக்கு யாரும் விளக்க வேண்டாம். 438இல் யூதர்கள் அரசுப் பதவிகளுக்கு வரக்கூடாது என்று சட்டமே வந்தது. 1215இல் நான்காம் லாத்தரன் சங்கம் அவர்கள் தனி அடையாள உடை அணிய வேண்டும் என்றது. 1516இல் வெனிஸ் நகரம் அவர்களுக்கு இரவில் பூட்டப்படுகிற தனிச் சேரி ஒதுக்கியது. 'கெட்டோ' என்ற சொல் அங்கிருந்து வந்தது.

மதத்திலிருந்து ரத்தத்துக்கு

இதுவரை ஒரு வாசல் திறந்திருந்தது. ஞானஸ்நானம் பெற்றால் தப்பிக்கலாம். 1449இல் ஸ்பெயினின் தொலேதோ நகரத்தில் அதுவும் மூடப்பட்டது. மதம் மாறிய யூதர்களின் வம்சத்தாரும் நகரப் பதவிகளுக்குத் தகுதியற்றவர்கள் என்று அங்கே விதி செய்தார்கள். 'ரத்தத் தூய்மை' என்ற கோட்பாடு அங்கிருந்து பரவியது. ஸ்பெயினும் போர்ச்சுகலும் பிறப்பைக் குறிக்கப் பயன்படுத்திய சொல் 'காஸ்டா'. அந்தச் சொல்லோடு கப்பலேறி வந்த போர்த்துகீசியர் இங்கே நம் சமூகத்தைப் பார்த்து அதையே சொன்னார்கள். ஆங்கிலத்தின் 'காஸ்ட்' அதிலிருந்து வந்தது. சாதி இங்கே அதற்கு முன்பே இருந்தது, பெயர்தான் அங்கிருந்து வந்தது. ஆனால் பார்த்தவுடன் பெயர் வைக்க முடிந்தது என்பதைக் கவனியுங்கள். ஓர்டாவின் எலும்பை எரித்ததும் அந்த 'காஸ்டா'தான்.

தமிழ்க் கிறிஸ்தவத்திலும் தண்ணீர் தோற்றது. நெல்லைச் சீமையின் வடக்கன்குளத்தில் சாதிக்கு ஒரு பக்கமாகப் பிரித்து, நடுவில் சுவர் வைத்தே தேவாலயம் கட்டினார்கள். 1910இல்தான் அந்தச் சுவர் இடிக்கப்பட்டது. கல்லறைத் தோட்டத்தில் தனிப்பகுதி இன்றும் பல ஊர்களில் உண்டு. 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை மதம் மாறிய தலித் கிறிஸ்தவரைப் பட்டியலுக்கு வெளியே நிறுத்துகிறது. ஊர் அவரைப் பறையராக நடத்துகிறது, சட்டம் நீ கிறிஸ்தவன் என்கிறது.

நம் ஊர்ப்பக்கத்துச் சாட்சி

மலைக்கு இந்தப் பக்கம் வருவோம். உத்தமபாளையத்துப் பாறையில் சமணத் தீர்த்தங்கரர் சிற்பங்களை நம்மில் பலர் பார்த்திருக்கிறோம். வட்டெழுத்துக் கல்வெட்டுகளும் அங்கே உண்டு. அவை 9, 10ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. மதுரையில் 8000 சமணர் கழுவேற்றப்பட்டதாகச் சொல்லப்படும் காலம் 7ஆம் நூற்றாண்டு. அதை விரித்துப் பாடிய பெரியபுராணம் 12ஆம் நூற்றாண்டு. அப்படி ஒரு கொலை நடந்ததா என்பதில் வரலாற்றாசிரியர்களுக்கு ஐயம் உண்டு. இங்கே பாறையில் இருக்கிற சிற்பங்கள், சமணர்கள் அதற்குப் பின்னும் இந்தப் பள்ளத்தாக்கில் வாழ்ந்தார்கள் என்று காட்டுகின்றன. ஆனால் கொலை நடக்காமல் இருந்திருந்தால் கேள்வி இன்னும் கனமாகிறது. நடக்காத ஒரு படுகொலையைப் பெருமையாகச் சொல்லிக்கொள்ள ஒரு சமூகத்துக்கு ஏன் தேவைப்பட்டது?

தேவாரப் பதிகங்களில் சமணரும் சாக்கியரும் எப்படி வருகிறார்கள் என்று பாருங்கள். அவர்களுடைய தத்துவத்தைவிட உடம்பே அதிகம் தாக்கப்படுகிறது. குளிக்காதவர்கள், மயிரைப் பறித்துக்கொள்பவர்கள், நின்றுகொண்டே தின்பவர்கள். கருத்தோடு மோதுவதை விட்டு உடம்பை அருவருப்பாக்குகிற இந்த மொழிக்கும் அந்தியோக்கியாப் பிரசங்கத்துக்கும் நடுவே கடல் இருக்கிறது, தொடர்பு எதுவும் இல்லை. ஆனாலும் வேலை ஒன்றுதான்.

பண்டிதர் 1898இல் சாக்கிய பௌத்த சங்கத்தைத் தொடங்கி, 1907 முதல் இதழ் நடத்தி, பறையர் என்று இழிக்கப்பட்டவர்கள் பூர்வ பௌத்தர்கள், பௌத்தத்தின் மீதான பகையே அவர்கள் மீது தீட்டாக இறங்கியது என்று எழுதினார். அண்ணல் அம்பேத்கர் 1948இல் வெளியிட்ட தீண்டப்படாதவர் பற்றிய நூலில், சிதறுண்ட மக்கள் பௌத்தராக இருந்ததும் மாட்டிறைச்சியை விடாததும் அவர்களைத் தீண்டத்தகாதவராக்கின என்றார். இந்த வரலாற்றை வரிக்கு வரி நிறுவ முடியுமா என்ற விவாதம் தொடர்கிறது. அவர்கள் கண்டுபிடித்த சமூகவியல் உண்மை நிற்கிறது: மதப்பகை காலப்போக்கில் பிறப்பின் இழிவாக உறைய முடியும். ஐரோப்பாவில் யூதருக்கு நடந்தது அதுவே. நாசிகளின் யூத வெறுப்பும் சனாதனிகள் தீண்டப்படாதவர்மேல் கொண்டிருக்கும் மனோபாவமும் கருத்தியலிலும் விளைவிலும் வேறல்ல என்று அண்ணல் 1943லேயே, போர் நடக்கும்போதே எழுதினார்.

வேறுபாடும் உண்டு, அதை மறைக்கக்கூடாது. யூதரை ஐரோப்பா வெளியே தள்ளியது, கடைசியில் அழிக்கப் பார்த்தது. நம்மைச் சாதிச் சமூகம் வெளியே விடாது. நாம் போய்விட்டால் அதன் வயலும் காடும் நடக்காது. விடியுமுன் ஜீப் நிறையப் பெண்களை ஏற்றிப் போடிமெட்டு வழியே மலைக்குக் கொண்டுபோவதும், அதே கை பறித்து, அதே கை தரம் பிரித்த காயை விலைபேசும் இடத்தில் அந்தக் கைக்கு இடம் இல்லாததும் இந்த உறவுதான்.

நமக்கு இதனால் என்ன?

மூன்று சொல்கிறோம்.

முதலாவது, 'பார்ப்பனர் இந்தியாவின் யூதர்' என்ற ஒப்புமை நம் மேடையில் ஏறக்கூடாது. அதிகாரத்தில் இருப்பவரை அறுபது லட்சம் பேர் கொல்லப்பட்ட ஒரு மக்களோடு ஒப்பிடுவது வரலாற்றுக்குப் பொருந்தாது. 1939இல் கோல்வால்கர், ஜெர்மனி யூதர்களை வெளியேற்றியதை இந்துஸ்தானத்துக்குப் பாடமாகக் காட்டி எழுதினார். அந்த மொழி அவர்களுடையது. இஸ்ரேல் அரசு பாலஸ்தீனத்தில் செய்வதைக் கண்டிக்கிறோம். அரசைக் கண்டிக்கிற அந்த வாக்கியத்துக்குள் பிறப்பு நுழையத் தேவையில்லை.

இரண்டாவது, பண்டிதரிடமிருந்து ஒரு கருவி. அவர் 'யதார்த்த பிராமணர்', 'வேஷ பிராமணர்' என்று பிரித்தார். அளவுகோல் ஒழுக்கம், பிறப்பு இல்லை. எவ்வளவு கடுமையாகப் பேசினாலும் மனிதர் திருந்தி உள்ளே வர ஒரு வாசலை அந்தச் சொல் திறந்தே வைத்திருந்தது. நம் எழுத்துக்கு இந்தச் சோதனையை வைப்போம்: நாம் தாக்குவது அதிகாரத்தையா, பிறப்பையா? தாக்கப்படுபவர் நமக்கு மேலே நிற்கிறாரா, கீழே நிற்கிறாரா?

மூன்றாவது இங்கிருந்தே வருகிறது, கொஞ்சம் வலிக்கும். மலைக்கு அந்தப் பக்கம் கொச்சியில் யூதர்கள் ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளாக உள்ளூர் அரசர்களின் பாதுகாப்பில் வாழ்ந்தார்கள். 1662இல் மட்டாஞ்சேரித் தொழுகைக் கூடத்தைச் சூறையாடியது போர்த்துகீசியர். ஆனால் அதே தொழுகைக் கூடத்துக்குள், விடுவிக்கப்பட்ட அடிமைகளின் வழிவந்த யூதர்கள் மற்றவர்களோடு சமமாக உட்காரக் கூடாது என்ற விதி இருந்தது. அந்த வழியில் வந்த ஏ.பி. சேலம் என்ற வழக்கறிஞர் இருபதாம் நூற்றாண்டில் சத்தியாகிரகம் செய்துதான் அந்த விதியை அசைத்தார். உலகம் முழுக்க விரட்டப்பட்டவர்களின் வீட்டுக்குள்ளும் ஒரு கீழ்ப்படிக்கட்டு இருந்தது.

பண்டிதரிடமும் அப்படி ஒன்று உண்டு. பூர்வ பௌத்தர்களைத் 'தாழ்த்தப்பட்டவர்' என்று சொன்ன அவர், தோட்டி, சக்கிலியர், குறவர் போன்றோரைத் 'தாழ்ந்தவர்' என்று வேறாகப் பிரித்தார். ஒழுக்கத்தை அளவுகோலாக்கியவர் அந்த இடத்தில் பிறப்புக்குத் திரும்பினார். அருந்ததியர் எழுத்தாளர்கள் இதைச் சுட்டிக்காட்டியிருக்கிறார்கள். அவர் நினைவு நாளில் இதைச் சொல்வது அவருக்குச் செய்யும் அவமரியாதை ஆகாது. அவர் கற்றுக்கொடுத்த கேள்வியை அவரிடமே கேட்பதுதான் மாணவர் மரபு.

2009இல் தமிழ்நாட்டில் அருந்ததியருக்கு 3 விழுக்காடு உள்ஒதுக்கீடு வந்தது. 2024 ஆகஸ்ட் 1 அன்று உச்ச நீதிமன்றம் பட்டியல் சாதிகளுக்குள் உட்பிரிவு செய்யலாம் என்றது. இதில் மாற்றுக் கருத்து இருக்கலாம், வாதிடலாம், கணக்குக் கேட்கலாம். ஆனால் அந்த விவாதத்தில் 'அவன் புத்தியே அப்படித்தான்', 'எங்க பங்கைத் திங்க வந்தவன்' என்ற சொல் விழும்போது அது உள்ஒதுக்கீடு பற்றிய பேச்சாக இருப்பதில்லை. ஒரே ஜீப்பில் மலையேறுகிற பள்ளர், பறையர், அருந்ததியர் வீட்டுப் பிள்ளைகள் அந்தச் சொல்லைக் காதில் வாங்கி வளர்கிறார்கள். அண்ணன் தம்பி சண்டையின் வசவு எங்கே போய் முடியும் என்பதை இரண்டாயிரம் ஆண்டு வரலாறாகப் பார்த்தோம்.

1965இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம், இயேசுவின் சாவுக்கு அன்றைய யூதர் அனைவரையுமோ இன்றைய யூதரையோ பொறுப்பாக்க முடியாது என்று அறிவித்தது. பதினெட்டு நூற்றாண்டுகளும் அறுபது லட்சம் பிணங்களும் கழிந்த பிறகு வந்த திருத்தம் அது. நம்மிடம் அவ்வளவு காலம் இல்லை. நாளை நடக்கப்போகிற கூட்டத்தில், நாளை எழுதப்போகிற துண்டறிக்கையில், நம் பிள்ளைகள் முன்னால் பேசப்போகிற பேச்சில் திருத்தலாம்.

ஜெய்பீம்.